பானைமேட்டின் உள்ளூர்ப் பயணிகள்

அந்தக் காலையில் பானைமேட்டில் சுற்றுலாப் பயணிகள் ஒரு கூட்டமாக நின்றிருந்தார்கள். எல்லாரையும் எனக்குப் பேரோடு தெரியும். அதுதான் சங்கடம்.

கடலூர்ப் பயணி என்று முன்னால் நிறுத்தப்பட்டிருந்தவர், பாகூர்க் கடைத்தெருவில் மூட்டை இறக்கும் முனுசாமி. திண்டிவனத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருப்பவர்களாகச் சொல்லப்பட்டவர்கள், மேட்டுக்கு மேற்கே காலனியில் கூரை வீடுகளில் இருப்பவர்கள். முந்தின நாள் வரை நாற்று நட்டுக்கொண்டிருந்த கைகளில் பிளாஸ்டிக் கைப்பை. தலையில் அரசாங்கத் துறை வாங்கித் தந்த ஓலைத் தொப்பி. தொப்பியைப் போட்டுக்கொண்டால் முகம் தெரியவில்லை என்று ஒரு பெண் அதைப் பின்னங்கழுத்துக்குத் தள்ளியிருந்தாள். பார்க்க, களைக்கூடையைக் கவிழ்த்து வைத்ததுபோல இருந்தது.

நடுவில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றவள் அஞ்சலை. அவள்தான் மெட்ராஸ்.

"இன்னா பாப்பா, இதப் போட்டா ஒண்ணுமே தெரியல. மானம் மோடம் போட்ட மாரி இருக்குது."

"அப்படித்தான் இருக்கும்க்கா. கழட்டாத."

"மெட்ராஸ்காரங்க இப்பிடி இருட்டுலயேதான் சுத்துவாங்களா?"

அறிவிப்புப் பலகைக்கு அடித்த புதுப் பெயிண்ட் இன்னும் காயவில்லை. அந்த வாடையும், ராத்திரி பெய்த மழையில் நனைந்த மண் வாடையும் கலந்து வந்தன. துறை அதிகாரி அரங்கநாதன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"வசந்தா, எல்லாரையும் கொஞ்சம் சிரிக்கச் சொல்லு. டூரிஸ்ட்டுன்னா சந்தோஷமா இருக்கணும்."

தூரத்தில் ஏரிக்கரை மேல் வெள்ளை அம்பாசிடர்கள் திரும்புவது தெரிந்தது. அவை வந்து சேர்வதற்குள் நாங்கள் எல்லாரும் இந்த வேஷத்துக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்று சொல்லிவிடுகிறேன். அவசரமில்லை. அந்த ரோட்டில் கார்கள் மாட்டு வண்டியை முந்தாத காலம் அது.

வேலி இல்லாத நாளில்

பானைமேடு என்பது பாகூருக்குக் கிழக்கே வயல்களுக்கு நடுவில் இருந்த ஒரு மண்மேடு. ஏறினால் மூச்சு வாங்காது. உச்சியில் சில பனைமரங்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் யாரோ ஒரு துரை அங்கே பள்ளம் தோண்ட, உள்ளே பெரிய பெரிய தாழிகள் இருந்தன. ரொம்ப ரொம்ப முந்தின காலத்து ஜனங்கள் செத்தவர்களின் எலும்புகளை வைத்துப் புதைத்த தாழிகள். துரை சிலவற்றை எடுத்துக்கொண்டு மற்றதை அப்படியே விட்டுவிட்டுப் போனார். அவை பள்ளத்துக்குள் பாதி புதைந்து, வானத்தைப் பார்த்து வாயைத் திறந்தபடி இருந்தன.

நான் பாவாடை கட்டிய அறுபதுகளில் அங்கே எப்போதும் ஆள் நடமாட்டம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமையானால் புதுச்சேரியிலிருந்து வெள்ளைக்காரர்கள் கூடையில் ரொட்டியும் பாட்டிலும் எடுத்துக்கொண்டு வருவார்கள். கடலூர்ப் பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளை வரிசையாக நடத்திக்கொண்டு வரும். காணும் பொங்கலன்று கேட்கவே வேண்டாம். சுற்றுப்பட்ட ஊரெல்லாம் கட்டுச்சோற்று மூட்டையோடு மேட்டில்தான். மழை பெய்து விட்டால் மண்ணில் சிவப்பு மணிகள் தலை காட்டும். பொறுக்கிக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளாத பெண் அந்த வட்டாரத்தில் இல்லை.

அஞ்சலை அப்போது புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்தவள். வேலை இல்லாத நாளில் மேட்டடியில் அவித்த மல்லாட்டை விற்பாள். நிலக்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மல்லாட்டை வாங்கினால் கதை இலவசம்.

"அந்தக் காலத்துல மனுசாளுக்குச் சாவே கிடையாது. வயசாவ வயசாவ சுருங்கிக்கினே போவாங்க. பூனக்குட்டி அளவுக்குச் சுருங்கினதும் மாடத்துல தூக்கி வெப்பாங்க. மாடத்துலயிருந்து தொப்புனு வுழுந்துட்டா, இனிமே ஆவாதுன்னு சோறு தண்ணி வெச்சி இந்தப் பானையில போட்டுடுவாங்க."

இதைக் கேட்டு ஒரு துரைசானி கண் கலங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அஞ்சலைக்குப் பிரெஞ்சு தெரியாது, துரைசானிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் பூனைக்குட்டி அளவைக் கையால் காட்டினாள் பாருங்கள், அது போதுமாக இருந்தது.

எழுதும்போது தோன்றுகிறது: அந்த நாளில் அங்கே சுற்றுலா என்று ஒரு வார்த்தையே கிடையாது. ஜனங்கள் வந்தார்கள், அவ்வளவுதான்.

துறை வந்தது

துறை என்று மட்டும் சொல்கிறேன். அதன் முழுப் பெயர் நான் அங்கே வேலை பார்த்தபோதே இரண்டொரு தடவை மாறியது. பெயர்ப் பலகை எழுதுகிறவர் மட்டும் அந்தத் துறையை மனதார வாழ்த்தியிருப்பார்.

பானைமேட்டைக் காப்பாற்றி, வளர்த்து, உலகத்துக்கே காட்டுவது என்று துறை முடிவு செய்தது. நல்ல எண்ணம்தான். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

முதல் வேலையாக, தாழிகளுக்கு ஆபத்து என்று அவற்றைப் பெயர்த்தெடுத்து வண்டியில் ஏற்றிப் புதுச்சேரிப் பட்டணத்துக்குக் கொண்டுபோய் ஒரு கிடங்கில் வைத்தார்கள். பிறகு, தாழி இல்லாத பள்ளத்தில் யாராவது விழுந்துவிடப் போகிறார்கள் என்று பள்ளத்தை மூடினார்கள். மூடிய பள்ளத்துக்குப் பாதுகாப்பாகச் சுற்றிலும் முள்கம்பி வேலி. வேலிக்கு ஒரு இரும்புக் கதவு, கதவுக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு வாட்ச்மேன். வாட்ச்மேனும் அரசாங்க ஊழியர்தானே? எனவே ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் விடுமுறை.

அடுத்த காணும் பொங்கலுக்குக் கட்டுச்சோற்று மூட்டையோடு வந்தவர்கள், பூட்டைப் பார்த்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்து தின்றுவிட்டுப் போனார்கள். அதற்கடுத்த வருஷம் அவர்கள் வரவில்லை.

மல்லாட்டைத் தோல் புராதனச் சின்னத்துக்கு அழகல்ல என்று விற்பனையும் நின்றது. அஞ்சலையின் கதை தவறான வரலாறு என்று தனியாக ஒரு எச்சரிக்கை வேறு. அவள் கவலைப்படவில்லை. "கத சொன்னா ஜெயில்ல போடுவாங்களா? போடட்டும். உள்ள இருக்கறவங்களுக்குச் சொல்றேன்" என்றாளாம்.

ஒன்றிரண்டு வருஷத்தில் ஆள் வரத்து அடியோடு நின்றுபோனது. துறை கூடிக் கூடிப் பேசிக் காரணத்தைக் கண்டுபிடித்தது: ஜனங்களுக்குப் பாரம்பரிய உணர்வு போதாது. பரிகாரமாக ஒரு வழிகாட்டியை நியமிப்பது என்று தீர்மானம் ஆனது.

இங்கே ஒன்று சொல்லாமல் போக முடியாது. எங்கள் கொம்யூனுக்கு (பஞ்சாயத்துக்குப் பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன பேர்) சுற்றுலாப் பயணிகளே வரவில்லை என்று சொன்னால் அது பொய். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், மதுவிலக்கு. இந்தப் பக்கம் எல்லையோரம் சாராயக் கடை. கடலூர் பஸ் ஒவ்வொன்றும் வயிறு புடைக்க வந்து, தள்ளாடிக்கொண்டு திரும்பும். யாரும் வழி கேட்டதில்லை, அறிவிப்புப் பலகை இல்லை, வழிகாட்டி இல்லை. எந்தத் துறையும் வளர்க்காமலேயே அது வளர்ந்தது.

வழிகாட்டி ஆனேன்

இந்தத் தொடரின் போன வாரப் பகுதியில், நான் சரித்திரத்தில் பட்டம் வாங்கிவிட்டு, பாகூர்க் கடைத்தெருவில் எங்கள் பாத்திரக் கடையில் எவர்சில்வர் தட்டுகளில் பேர் வெட்டிக்கொண்டிருந்ததோடு நிறுத்தியிருந்தேன். வேலை உத்தரவு வந்ததும் நைனாதான் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) முதலில் படித்தார். படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, ஒடஞ்ச பானையப் பாக்க ஆளு வரணும்னு கவர்மெண்ட்டு சம்பளம் குடுத்து ஒன்ன வெக்குது. இங்க ஒடையாத பானைய வெச்சிக்கினு நான் ஒக்காந்திருக்கேன். எனக்கு ஒரு ஆளு வெக்க மாட்டாங்களா?"

ஆனால் அவருக்குப் பெருமைதான். எங்கள் தெருவில் படித்து முடித்து வேலைக்குப் போகும் முதல் பெண் நான். அடுத்த ஒரு வாரம் கடைக்கு யார் வந்தாலும், குடத்தைத் தட்டிச் சத்தம் காட்டுவதற்கு முன்னால் என் வேலையைச் சொன்னார்.

வேலிக்குள்ளே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு அறை எனக்கு. டைப் அடித்த உரை ஒன்றை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். "தாங்கள் நின்றுகொண்டிருக்கும் இவ்விடம்" என்று தொடங்கும். தாழிகளைப் பற்றி விவரமாகச் சொல்லி, அவற்றைக் காண முடியாது என்று முடியும்.

மாதக்கணக்கில் அந்த உரையைப் பனைமரங்களுக்குத்தான் சொன்னேன். வந்தவர்களில் ஒருவர் கால்நடை ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டு மாட்டோடு வந்தவர். மற்றபடி, காதலர்கள். ஊரிலேயே யாரும் வராத இடம் இதுதான் என்று கடலூர் வரைக்கும் தெரிந்துவிட்டிருந்தது. ஜோடி ஜோடியாக வந்து பனைமரத்தடியில் உட்காருவார்கள். நான் கடமை தவறாமல் எதிரில் போய் நின்று "தாங்கள் நின்றுகொண்டிருக்கும் இவ்விடம்" என்று ஆரம்பிப்பேன். அவர்கள் எழுந்து நின்று கேட்பார்கள். அதில் ஒரு ஜோடி பிற்பாடு வந்து கல்யாணப் பத்திரிகை வைத்தது. பானைமேட்டில் துறை சாதித்தது என்று ஏதாவது இருந்தால், அந்தக் கல்யாணத்தைத்தான் சொல்ல வேண்டும்.

அஞ்சலையோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது அப்போதுதான். வயலுக்குப் போகும் வழியில் வேலிக்கு வெளியே நின்று பேசுவாள். நான் உள்ளே நின்று பேசுவேன். எங்கள் தெருவில் காலனிப் பெண்களைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நான் அக்கா என்றேன். நைனாவுக்கு அது பிடிக்கவில்லை. அஞ்சலையும் முதலில் திரும்பிப் பார்த்தாள், வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று.

பழைய பிணம், புதுப் பிணம்

இப்போது சிரிப்புக்கு இடமில்லாத பகுதிக்கு வந்துவிட்டேன்.

காலனி மேட்டுக்கு மேற்கே. காலனியின் இடுகாடு (பேச்சில் சுடுகாடுதான்) மேட்டுக்குக் கிழக்கே, வாய்க்காலை ஒட்டி. இரண்டுக்கும் நடுவில் மேட்டின் அடிவாரத்தோடு ஒரு ஒற்றையடிப் பாதை. யார் காலத்திலிருந்தோ அந்தப் பாதையில்தான் பிணம் போகும். துறை வேலி போட்டபோது பாதை வேலிக்கு உள்ளே போய்விட்டது. வரைபடத்தில் அப்படி ஒரு பாதையே இல்லை என்பது துறையின் பதில். செத்தவர்கள் யாரும் அதைப் பதிவு செய்து வைக்கவில்லை.

வேலி வந்த பிறகும், வேலை நாளில் சாவு விழுந்தால் வாட்ச்மேன் கண்டும் காணாமலும் கதவைத் திறந்து, கிழக்குப் பக்கக் கம்பியையும் தளர்த்திவிடுவார். அஞ்சலையின் மாமியார் கார்த்திகை மாச அடைமழையில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கண்ணை மூடினாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாவி வாட்ச்மேன் இடுப்பில். வாட்ச்மேன் தன் மாமியார் வீட்டில், பண்ருட்டியில்.

மழை விடும் என்று மத்தியானம் வரைக்கும் பார்த்திருக்கிறார்கள். விடவில்லை. பாடையைத் தூக்கிக்கொண்டு வயல் வழியாக இறங்கினார்கள். முழங்கால் சேறு. நட்ட பயிரை மிதிக்கிறார்கள் என்று நிலத்துக்காரர் கரையில் நின்று கத்தினார். வாய்க்காலைத் தாண்டும்போது முன்னால் தூக்கியவருக்குக் கால் வழுக்கியது. பாடை தண்ணீரில் கவிழ்ந்துவிட்டது.

திங்கட்கிழமை காலையில் அஞ்சலை வேலியண்டை வந்து நின்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கையில் சேறு காய்ந்து வெடித்திருந்தது.

"தண்ணில போயிட்டா பாப்பா. எட்டிப் புடிச்சி இழுத்தோம். பொடவ ஒரு பக்கம், அவ ஒரு பக்கம். எம்மாம் மானக்காரி தெரியுமா? குளிக்கசொல்ல நான் அந்தாண்ட போனாத்தான் குளிப்பா. ஊரே பாக்கறாப்புல ஆயிடுச்சி."

அன்றே பஸ் ஏறிப் பட்டணத்துக்குப் போய் அரங்கநாதனைப் பார்த்தேன். அவர் கெட்ட மனுஷர் அல்ல. எனக்குக் காப்பி வரவழைத்துக் கொடுத்தார். முழுக்கக் கேட்டார். உச்சுக் கொட்டினார். ஒரு சின்னக் கதவாவது எப்போதும் திறந்திருக்கட்டும் என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"என்னம்மா பேசற? புராதனச் சின்னத்துக்குள்ள பொணம் போறதா? டூரிஸ்ட் பாத்தா என்ன நெனப்பான்?"

"சார், அதுவே சுடுகாடுதானே சார். அதனாலதானே சார் சின்னம்?"

"அது அப்போ. அது பழைய பொணம். பழைய பொணம் பாரம்பரியம். புதுப் பொணம் சுகாதாரப் பிரச்சனை."

இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

பயணிகள் தேவை

அடுத்த வருஷம் டெல்லியிலிருந்து ஒரு குழு வருவதாகச் செய்தி வந்தது. எந்தெந்தப் புராதன இடத்தைச் சுற்றுலாவுக்காக மேலும் வளர்ப்பது என்று பார்க்க வருகிறார்கள். பானைமேடும் பட்டியலில் இருந்தது. அரங்கநாதனின் பதவி உயர்வும் அதோடு சேர்த்துப் பேசப்பட்டது.

அவர் நேரிலேயே வந்துவிட்டார். ஆளில்லாத மேட்டைச் சுற்றிப் பார்த்தார். பனைமரத்தடியில் இருந்த ஜோடியையும் பார்த்தார்.

"இது ரெண்டு போதாதே வசந்தா."

அப்போதுதான் யோசனையைச் சொன்னார். ஊரிலிருந்து கொஞ்சம் பேரை நல்ல உடுப்பில் நிறுத்த வேண்டும். பள்ளிக்கூடத்தில் பரீட்சை என்று கையை விரித்தார்கள். கடைத்தெருவில் முனுசாமியைத் தவிர யாரும் வரத் தயாரில்லை. நைனாவிடம் கேட்டதற்கு, "பொய்க் கல்யாணத்துக்குப் பாத்திரம் வேணும்னா கேளு, தர்றேன். நான் வரல" என்றார்.

கடைசியில் வேலிக்கு வெளியே நின்றபடி அஞ்சலைதான் சொன்னாள்: "நாங்க வர்றோம் பாப்பா."

"வேணாம்க்கா. உங்களுக்கு அவங்க செஞ்சதுக்கு…"

"அதனாலதான் வர்றோம். இத்தினி வருசமா வேலிக்கு வெளியவே நிக்கறோம். ஒரு நாளாச்சும் உள்ள வந்து நிக்கறோமே. கதவு தொறந்து வா வான்னு கூப்புடறாங்க, வுட்டுடுவோமா?"

அதை நான் வேடிக்கைப் பேச்சு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஒத்திகை நடந்தது. யார் எந்த ஊர் என்று பிரித்துக் கொடுத்தார் அரங்கநாதன். காலனிக்காரர்களுக்கு விழுப்புரமும் திண்டிவனமும் தெரியும். மெட்ராசுக்கு யாரைப் போடுவது என்று வந்தபோது, அஞ்சலை நன்றாகப் பேசுவாள் என்று அவரே தேர்ந்தெடுத்தார். தன் கறுப்புக் கண்ணாடியையும் கழற்றிக் கொடுத்தார்.

மொழிபெயர்ப்பு

கார்கள் வந்து நின்றன.

குழுவின் தலைவி ஒரு வயதான வடநாட்டு அம்மாள். வெள்ளைப் பருத்திப் புடவை, கழுத்தளவு வெட்டிய நரைமுடி, காலில் கான்வாஸ் ஷூ. கூட வந்தவர்கள் நிழல் தேடி நின்றார்கள். அந்த அம்மாள் நேராக மேட்டில் ஏறினார். ஏறி நாலாபுறமும் பார்த்துவிட்டு, தாழிகள் எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார். பட்டணத்தில் பத்திரமாக இருப்பதாக அரங்கநாதன் சொன்னார். பள்ளம்? மூடிப் பத்திரமாக இருக்கிறது. "அப்படியானால் நான் இப்போது எதைப் பார்க்கிறேன்?" என்றார் அம்மாள். அரங்கநாதன் அவசரமாகப் பயணிகளின் பக்கம் கையைக் காட்டினார்.

அம்மாளுக்குப் பயணிகளோடு பேச ஆசை. கூட்டத்தில் கண்ணாடி போட்டிருந்த ஆள் ஒருத்திதான். அவள் முன்னால் போய் நின்று, எங்கிருந்து வருகிறீர்கள், இந்த இடம் பிடித்திருக்கிறதா என்று கேட்டார். அரங்கநாதன் தமிழில் சொன்னார். ஒத்திகையில் சொல்லிக் கொடுத்த பதில் ஒரு வரிதான்.

அஞ்சலை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். மடித்து அரங்கநாதன் கையில் கொடுத்தாள்.

"நான் மெட்ராஸு இல்லம்மா. தோ தெரியுது பாரு கூர, அதான் எங்க வூடு. இந்தக் கம்பிக்கு அந்தாண்ட எங்க சுடுகாடு. எங்க மாமியாரு செத்தப்ப இந்த வழியா வுடல. சேத்துல தூக்கிக்கினு போனோம். வாய்க்கால்ல கவுந்து தண்ணில போயிட்டா. இதுக்குள்ள இருக்கறது எந்தக் காலத்துப் பொணமோ, அதுக்கு வேலி வெச்சீங்க, போர்டு வெச்சீங்க, ஆள வெச்சீங்க. நல்லா வெச்சிக்கங்க, வேணான்னு சொல்லல. எங்க பொணம் போறதுக்கு ஒரு வழி வுடுங்க. நின்னுகூடப் பாக்க மாட்டோம். நேரா பூடுவோம்."

தொப்பி போட்ட பயணிகள் யாரும் அசையவில்லை. முனுசாமி மட்டும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

அம்மாள் அரங்கநாதனைப் பார்த்தார். அவர் ஒரு கணம் தொண்டையைச் செருமிக்கொண்டு மொழிபெயர்த்தார்: "இடம் மிகவும் அழகாக இருக்கிறதாம். அடுத்த முறை மாமியாரையும் அழைத்து வருவாராம்."

அம்மாள் மறுபடி அஞ்சலையைப் பார்த்தார். அஞ்சலையின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கவில்லை. அம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"நீதானே வழிகாட்டி? அவள் அதைத்தான் சொன்னாளா?"

அரங்கநாதன் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை. கெஞ்சல்தான் இருந்தது. அது இன்னும் கஷ்டம். என் வேலை, தெருவில் எனக்கிருந்த பேர், குடத்தைத் தட்டிக்கொண்டே நைனா சொல்லும் பெருமை எல்லாம் அந்தக் கணத்தில் நினைவுக்கு வந்தன. மனப்பாடம் செய்த உரைதான் நாக்கு நுனிக்கு வந்தது. நல்லவேளையாக அதற்கு ஆங்கிலம் கிடையாது.

"மாமியாரை அவர்கள் ஏற்கனவே அழைத்து வந்தார்கள் அம்மா," என்றேன். "உள்ளே விடவில்லை."

பிறகு ஒன்று விடாமல் சொன்னேன். வாய்க்காலில் விழுந்ததையும், அவள் எவ்வளவு கூச்சக்காரி என்பதையும் சொன்னேன்.

அம்மாள் கிழக்கே கம்பிக்கு அப்பால் பார்த்தார். கடைசியில், "இந்த மேடு உண்மையில் என்ன?" என்று கேட்டார்.

"இடுகாடு அம்மா."

"இவர்கள் கேட்பது?"

"இடுகாட்டுக்குப் போக வழி."

அவர் கிழக்குப் பக்கக் கம்பியைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். முனுசாமி தூக்கிப் பிடித்தார். அந்த வயதில், வெள்ளைப் புடவையோடு குனிந்து நுழைந்து, அஞ்சலை முன்னே போக, வாய்க்கால் வரைக்கும் நடந்தார். குழுவில் இருந்த மற்ற கனவான்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, வேறு வழியில்லாமல் ஷூவைக் கழற்றினார்கள். பானைமேட்டின் சரித்திரத்தில் வழிகாட்டியைப் பின்தொடர்ந்து ஒரு கூட்டம் சுற்றிப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். வழிகாட்டி நானில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கார்கள் போன பிறகு அரங்கநாதன் அறிவிப்புப் பலகை அருகில் நெடுநேரம் நின்றார். கிளம்பும்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"வசந்தா, உனக்கு இங்கிலீஷ் நல்லா வருது."

உத்தரவு

மாதங்கள் கழித்து உத்தரவு வந்தது. இரண்டு பகுதி. முதல் பகுதி: மேட்டின் இரு பக்கமும் பாதைக்கு வழிவிட்டு வேலியை அகற்ற வேண்டும், எந்நேரமும் அடைக்கக் கூடாது. இரண்டாம் பகுதி: இவ்விடத்தில் பார்க்க ஒன்றுமில்லாததாலும் பார்வையாளர் வருகை இல்லாததாலும் சுற்றுலா வளர்ச்சித் திட்டம் கைவிடப்படுகிறது. வழிகாட்டிப் பணியிடம் ரத்து.

அரங்கநாதனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். குழு வந்த அன்று உள்ளூர் மக்கள் இவ்வளவு பேர் ஆர்வத்தோடு திரண்டு வந்து கருத்துச் சொன்னது வேறு எங்கும் காணாதது என்று அறிக்கையில் எழுதியிருந்தார்களாம். அவருக்குப் பதவி உயர்வு. மக்களைப் பங்கேற்கச் செய்வதில் நிபுணர் என்று பெயரும் வாங்கினார்.

நான் அழுதேன். சரியான காரியத்தைச் செய்துவிட்டு வேலை போனால் அழுகை வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நைனா அன்று கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்தார்.

"அந்தம்மா கேட்டப்ப நீ மாத்திச் சொல்லியிருந்தா வேல இருந்திருக்கும். வூட்டுல எனக்கு எதிர்ல ஒக்காந்து சாப்புட்டிருக்க மாட்ட," என்றார். பிறகு, "சாப்புடு" என்றார்.

அடுத்த கல்வியாண்டில் வில்லியனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர ஆசிரியையாகச் சேர்ந்தேன். நான் சொன்னதைக் கேட்க அங்கே தினமும் ஆட்கள் வந்தார்கள். வரவில்லையென்றால் ஆப்சென்ட் போட முடிந்தது.

வேலி எடுத்த பிறகு அந்தப் பாதையில் முதலில் போனது காலனிக் கிழவர் ஒருவர். பறைச் சத்தம் கேட்டு, மேட்டில் உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி எழுந்து நின்றார்கள் என்றும், பாடை தாண்டிப் போகும் வரை அந்தத் துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார் என்றும் அஞ்சலை சொன்னாள். டூரிஸ்ட் பார்த்தால் என்ன நினைப்பான் என்பதற்கு அன்றைக்கு விடை தெரிந்தது.

பூட்டு இல்லை, வாட்ச்மேனை வேறு இடத்துக்கு மாற்றியாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். காணும் பொங்கலன்று மேட்டில் கால் வைக்க இடமில்லை. அஞ்சலை மல்லாட்டைக் கூடையை மறுபடி இறக்கிவிட்டாள். பானைதான் இல்லையே, கதையை எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன். "பான இருந்தப்ப எட்டிப் பாத்துட்டுப் பூடுவாங்க பாப்பா. இப்ப நான் சொன்னாத்தான் தெரியும். நல்லதாப் போச்சி" என்றாள்.

இது எப்படியோ துறையின் காதுக்குப் போய்விட்டது. திட்டத்தைக் கைவிட்ட இடத்தில் சுற்றுலா வளர்ந்துகொண்டிருந்தால் சும்மா இருப்பார்களா? எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், இளைஞரான புது அதிகாரி ஒருவர் அளவு நாடாவோடு வந்தார். இந்தத் தடவை முள்கம்பி இல்லை, மதில் சுவராம். நான் அன்று லீவுக்கு வந்து அஞ்சலையோடு பேசிக்கொண்டிருந்தேன். அவர் எங்களிடம் வந்து மரியாதையாகக் கேட்டார்.

"ஏம்மா, இங்க பார்க்க ஒண்ணுமே இல்ல. எதுக்கு இவ்ளோ பேரு வர்றாங்க?"

அஞ்சலை மல்லாட்டையை அளந்து பொட்டலம் கட்டி அவர் கையில் கொடுத்தாள்.

"தொறந்து கெடக்குது சார், வர்றாங்க."

அவர் பனைமரத்தடியில் உட்கார்ந்து மல்லாட்டை தின்றார். பூனைக்குட்டி அளவுக்குச் சுருங்கிய கிழவர்கள் கதையை முழுசாகக் கேட்டார். அளவு நாடாவைப் பிரிக்காமலேயே கடைசி பஸ்ஸில் போனார்.

மதில் வரவில்லை. விசாரித்தால், கோப்பு நிலுவையில் இருக்கிறது என்கிறார்கள். இருக்கட்டும். அரசாங்கம் பானைமேட்டுக்குச் செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான்.